ஹைட்ராலிக் கேமா, சாலிட் கேமா: பழைய 350 எஞ்சினுக்கு எது பொருந்தும்?

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். 1976 கமாரோ வைத்திருக்கிறேன். எஞ்சினை வெளியே எடுத்துப் புதிதாகக் கட்டுகிறோம். ஷெவர்லே 350, பிளாக்கின் வார்ப்பு எண் 3970010. போர் 0.030 அங்குலம் கூட்டியாயிற்று. 64 சிசி அலுமினிய ஹெட், கம்ப்ரெஷன் 9.6. நாலு கியர் மேனுவல், பின்னால் 3.73 ஆக்ஸில், பவர் பிரேக் உண்டு. கோடையில் மட்டும் ஓட்டுவேன். மாதம் ஒரு தடவை கயூகா டிராக் ஸ்டிரிப்புக்குப் போவேன். எஞ்சின் கட்டுபவர் ஹைட்ராலிக் ஃபிளாட் டேப்பட் கேம் போதும் என்கிறார். நண்பரோ, சாலிட் போடாவிட்டால் 5,500-க்கு மேல் எஞ்சின் ஏறாது என்கிறார். சாலிட் போட்டால் வாராவாரம் டேப்பட் செட் பண்ண வேண்டும் என்றும் கேள்விப்பட்டேன். செலவும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எதைப் போடுவது?

பதில்: கேம் என்பது லோப் எனும் மேடுகள் கொண்ட தண்டு. லோபின் மேல் உட்காரும் லிஃப்டர் (டேப்பட்), புஷ்ராட் எனும் கம்பி, ராக்கர் எனும் நெம்புகோல் வழியாக வால்வைத் திறக்கும். லிஃப்டரின் அடி தட்டையாக இருந்தால் ஃபிளாட் டேப்பட், சக்கரம் இருந்தால் ரோலர். உங்கள் வண்டிக்கு என் முதல் தேர்வு ஹைட்ராலிக் ரோலர். செலவு இடம் கொடுக்காவிட்டால் சாலிட் ஃபிளாட் டேப்பட். உங்கள் எஞ்சின் கட்டுபவர் சொல்லும் ஹைட்ராலிக் ஃபிளாட் டேப்பட்டை மூன்றாவதாகத்தான் வைப்பேன். அது கெட்ட கேம் இல்லை. ஆனால் ஃபிளாட் டேப்பட்டுக்கே உரிய ஆபத்தை ஏற்றுக்கொள்வது என்று ஆன பிறகு, சாலிட்டில் கிடைக்கும் ஆதாயத்தை ஏன் விட வேண்டும்?

நண்பர் சொன்ன 5,500 கணக்கை முதலில் பார்ப்போம். ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் ஒரு சின்ன பிளஞ்சர், அதன் அடியில் ஒரு செக் வால்வு, நடுவே எஞ்சின் ஆயில். எஞ்சின் வால்வு மூடியிருக்கும்போது ஆயில் லிஃப்டருக்குள் வந்து எல்லா இடைவெளியையும் நிரப்பிவிடும். அதனால் கிளியரன்ஸ் பூஜ்யம், சத்தமும் இல்லை. சாலிட் லிஃப்டர் வெறும் இரும்புத் துண்டு. சூட்டில் பாகங்கள் நீளும் என்பதால் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டே ஆக வேண்டும். அந்த இடைவெளிதான் டக் டக் என்று கேட்கிறது.

வேகம் ஏற ஏற, வால்வை லோபின் மேல் அழுத்தி வைக்கும் வேலை ஸ்பிரிங்குடையது. ஸ்பிரிங்குக்குப் பலம் போதாவிட்டால் வால்வு ரயில் (லிஃப்டர் முதல் வால்வு வரையுள்ள பாகங்கள்) லோபை விட்டு எழும். சாலிட்டில் அப்போது சத்தம் வரும், பவர் குறையும். அந்த வேகத்துக்குக் கீழே வந்ததும் சரியாகிவிடும். ஹைட்ராலிக்கில் அப்படியல்ல. அந்த ஒரு நொடிக்குள் கிடைத்த இடைவெளியையும் பிளஞ்சர் எழும்பி நிரப்பிவிடும். பிறகு வால்வு சீட்டில் உட்காராமல் நிற்கும், கம்ப்ரெஷன் கசியும். "லிஃப்டர் பம்ப் அப்" என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். பழியெல்லாம் லிஃப்டருக்கு வந்தாலும் பெரும்பாலும் குற்றவாளி பழைய அல்லது பொருந்தாத ஸ்பிரிங்தான். மூடிய நிலையில் 110–120 பவுண்டு, திறந்த நிலையில் 280–300 பவுண்டு உள்ள சரியான ஸ்பிரிங்கோடு ஒரு நல்ல ஹைட்ராலிக் ஃபிளாட் டேப்பட் 6,000-ஐத் தாராளமாகத் தொடும்.

ஷெவர்லேயே இதை ஒரே நேரத்தில் விற்றுக் காட்டியிருக்கிறது. 1965 கார்வெட்டில் 327 எஞ்சின், 11:1 கம்ப்ரெஷன்: ஹைட்ராலிக் கேமோடு எல்79, 5,800 ஆர்பிஎம்மில் 350 குதிரைசக்தி. சாலிட் கேமோடு எல்76, 6,200-இல் 365. வித்தியாசம் 15 குதிரை, 400 ஆர்பிஎம். அந்த எல்76-இல் இருந்ததுதான் '30-30' என்று பெயர் வாங்கிய கேம். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.030 அங்குலம் கிளியரன்ஸ் என்பதால் அந்தப் பெயர். பின்னால் அதையே 302 எஞ்சின் கொண்ட இசட்/28 கமாரோவிலும் போட்டார்கள். அந்த 15 குதிரைக்கு விலையாக அடிவேகத்தில் இழுவை போனது. உங்கள் 3.73 ஆக்ஸிலில், 27 அங்குல டயரோடு, டாப் கியரில் 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் சுமார் 2,900 சுற்றும். 401 நெடுஞ்சாலையில் நீங்கள் வாழப்போவது அந்த 2,900-இல்தான். டிராக்கில் கியர் மாற்றுவது 6,000-க்கும் 6,300-க்கும் நடுவில் என்று வைத்துக்கொண்டால், ஹைட்ராலிக்கால் எட்ட முடியாத எண் இதில் எதுவும் இல்லை.

கேட்டலாக்கில் கேம்களை ஒப்பிடும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. லிஃப்டர் 0.050 அங்குலம் எழுந்த இடத்திலிருந்து அளந்த டியூரேஷனை (எத்தனை டிகிரி எழுந்து நிற்கிறது என்ற அளவை) அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஹைட்ராலிக்கில் லிஃப்டர் எழுந்தால் வால்வும் எழும். சாலிட்டில் முதலில் கிளியரன்ஸ் தீர வேண்டும். 1.5 விகித ராக்கரில் வால்வு முனையில் 0.020 அங்குலம் இடைவெளி என்றால், லிஃப்டர் 0.013 அங்குலம் எழுந்த பிறகுதான் வால்வு அசையவே தொடங்கும். லிஃப்டும் (வால்வு எழும் உயரமும்) அதே கதை: கேமோடு வரும் கார்டில் 0.500 என்று போட்டிருந்தால் கையில் வருவது 0.480. ஆகவே 224 டிகிரி ஹைட்ராலிக்குக்கு ஈடாக ஓடுவது 230, 232 டிகிரி சாலிட். எண் பெரிதாக இருப்பதால் சாலிட் முரட்டு கேம் என்று பயப்படவும் வேண்டாம். அதே 224-ஐ சாலிட்டில் வாங்கிவிட்டு எங்கே பவர் என்று தேடவும் வேண்டாம்.

வாராவாரம் டேப்பட் என்பது பழைய நட்டின் கதை. ராக்கரைப் பிடிக்கும், தொழிற்சாலையிலிருந்து வந்த நெளித்த நட்டு நாளாக ஆக இளகிவிடும். சாலிட் கேமுக்கு அது ஆகாது. நடுவில் செட் ஸ்குரூ உள்ள பாலி லாக் போட்டால், முதல் ஓட்டம் முடிந்ததும் ஒரு தடவை, 800 கி.மீ.யில் ஒரு தடவை, அதற்கப்புறம் சீசன் தொடக்கத்தில் ஒரு தடவை பார்த்தால் போதும். பதினாறு வால்வுக்கும் சேர்த்து ஒரு மணி நேர வேலை.

எந்த நிலையில் வைத்து செட் பண்ணுவது என்பது இரண்டு வகைக்கும் ஒன்றே. ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அதன் இன்டேக்கை செட் பண்ணுங்கள். இன்டேக் முழுக்கத் திறந்து, ஏறக்குறைய மூடி முடிக்கும்போது எக்ஸாஸ்டை செட் பண்ணுங்கள். இப்படி எட்டு சிலிண்டரையும் முடித்தால் எந்த லிஃப்டரும் லோபின் வட்டப் பகுதியில்தான் இருக்கும், ஏமாற்றாது. கேம் கார்டில் எழுதியிருப்பது சூடான எஞ்சினுக்கான அளவு. இரும்பு பிளாக்கில் அலுமினிய ஹெட் வைத்திருப்பதால், முதன்முதலில் குளிர்ந்த நிலையில் செட் பண்ணும்போது 0.006 அங்குலம் குறைத்து வையுங்கள்: கார்டில் 0.022 என்றால் 0.016. சூடேறினால் ஹெட் வளர்ந்து மீதியைத் திறந்துவிடும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு சூட்டிலேயே அளந்து இறுதி செய்யுங்கள். வேண்டுமானால் கார்டு அளவிலிருந்து 0.004 இப்படியும் அப்படியும் போகலாம். இறுக்கினால் டியூரேஷன் கொஞ்சம் கூடும், தளர்த்தினால் குறையும். டிராக்கில் சாலிட்காரர்கள் வைத்து விளையாடும் சின்னத் திருகு அது.

இந்தக் கிளியரன்ஸ் ஒரு தொந்தரவு என்று மட்டும் நினைக்காதீர்கள். எஞ்சினுக்குள் நடப்பதை வெளியே சொல்லும் அளவும் அதுதான். ஒரு வால்வில் மட்டும் இடைவெளி ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனால் அந்த லோப் அல்லது லிஃப்டர் தேய்கிறது, அல்லது ராக்கர் ஸ்டட் மேலே எழுகிறது. குறைந்துகொண்டே போனால் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது, அல்லது வால்வுத் தண்டு நீள்கிறது. ஹைட்ராலிக் லிஃப்டர் இதையெல்லாம் ஆயிலால் மூடி மறைத்துவிடும். லோப் பாதி போன பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். ஃபிளாட் டேப்பட் வகைக்குள் சாலிட்டை நான் மேலே வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அந்த ஃபிளாட் டேப்பட் ஆபத்து. லிஃப்டரின் அடி தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் சுமார் 0.002 அங்குலம் மேடு. லோபும் ஒரு பக்கம் லேசாகச் சரித்து அறுக்கப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்துதான் லிஃப்டரைச் சுழல வைக்கின்றன. சுழன்றால் தேய்மானம் பரவும். நின்றுவிட்டால் சில நிமிடத்தில் லோப் மழுங்கிவிடும், அந்த இரும்புத் தூள் எல்லா பேரிங்குக்கும் போகும். வாங்கிய லிஃப்டர்களைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் இரண்டை அடியோடு அடி சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓரத்தில் மெல்லிய ஒளிக்கோடு தெரிய வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஆட வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த செட்டைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு ஒவ்வொன்றும் பிளாக்கின் துளையில் தன் எடையாலேயே இறங்கி, விரலால் தொட்டால் சுழல்கிறதா என்று பாருங்கள். புதுக் கேமுக்குப் புது லிஃப்டர்தான். ஓடிய லிஃப்டரைக் கழற்றினால் எந்தத் துளையில் இருந்ததோ அதிலேயே திரும்பப் போட வேண்டும்.

ஆயில் விஷயத்தில் இன்று கடையில் அலமாரியில் கிடைப்பதை ஊற்றிவிட முடியாது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற 2004-இல் வந்த ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-4 தரம் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸை 800 பிபிஎம்முக்குள் நிறுத்தியது. லோபுக்கும் லிஃப்டருக்கும் நடுவே தியாகத் தோலாக நிற்கும் துத்தநாக-பாஸ்பரஸ் கலவை அதனால் குறைந்துபோனது. முதல் ஓட்டத்துக்குப் பிரேக்-இன் ஆயில், அதற்கப்புறம் துத்தநாகம் 1,200 பிபிஎம் அளவில் உள்ள ஆயில் என்று தேடி வாங்குங்கள். சிந்தெடிக் முதலில் வேண்டாம்.

முதல் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேம் சாவதும் பிழைப்பதும் அந்த அரை மணியில்தான். லோபிலும் லிஃப்டர் அடியிலும் மாலி (மாலிப்டினம்) பேஸ்ட், லிஃப்டரின் பக்கவாட்டில் வெறும் ஆயில். இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றி எல்லா ராக்கருக்கும் ஆயில் வரும்வரை பிரைம் பண்ணுங்கள். டிரில் வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். வெறும் கம்பியைச் செருகினால் ஒரு பக்க கேலரிக்கு ஆயில் சரியாகப் போகாது. ஆயில் வழியில் கசிந்துவிடாமல் அடைத்து வைப்பது டிஸ்ட்ரிபியூட்டரின் உடல்தான். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றின் பல்லைக் கழற்றிவிட்டு அதையே கருவியாகப் பயன்படுத்துவது உத்தமம். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர், டைமிங் எல்லாம் முன்பே சரியாக இருக்கட்டும். ஸ்டார்ட்டரை நீட்டி நீட்டி அடிக்கும் ஒவ்வொரு நொடியும் மாலி வழிந்துபோகும். பிடித்ததும் 2,000-க்கு ஏற்றி, 2,000-க்கும் 2,500-க்கும் நடுவே மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம். ஐடிலில் விடவே கூடாது. லோபுக்கு ஆயில் கிராங்க் தெளிப்பதிலிருந்துதான் வருகிறது, ஐடிலில் அது போதாது. லோபின் மூக்கில் அழுத்தமும் அடிவேகத்தில்தான் அதிகம். ஒரு வால்வு கவரைத் திறந்து புஷ்ராட் சுழல்கிறதா என்று எட்டிப் பாருங்கள். சுழலாத ஒன்று கண்ணில் பட்டால் உடனே நிறுத்துங்கள். முடிந்ததும் ஆயிலைக் கொட்டி, ஃபில்டரை அறுத்துத் திறந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாலி இருக்கும், பரவாயில்லை. காந்தத்தில் ஒட்டும் சில்லுகள் இருந்தால் கேமை வெளியே எடுக்க வேண்டியதுதான்.

சாலிட் ஃபிளாட் என்று முடிவானால், அடியில் ஆயில் துளை உள்ள லிஃப்டர் கேளுங்கள். 0.012 அங்குலத் துளை வழியாக ஆயில் நேரே லோபுக்கு வரும். ஹைட்ராலிக்கில் இது எளிதாகக் கிடைக்காது.

ரோலரில் இந்த மரண பயம் இல்லை. சக்கரம் உருள்கிறது, உரசவில்லை. லோபை வேகமாக எழுப்பவும் முடியும். ஃபிளாட்டில் 0.842 அங்குல லிஃப்டர் விட்டம் வைக்கும் வரம்பை ரோலர் தாண்டிவிடும். அதே டியூரேஷனில் அதிக லிஃப்ட். ஆனால் 3970010 பிளாக் ரோலருக்கு வார்த்ததல்ல. 1987-இலிருந்து வந்த பிளாக்கில் லிஃப்டரைத் திரும்பாமல் பிடிக்கும் ஏற்பாடு உண்டு, உங்களுடையதில் இல்லை. அதனால் இரண்டிரண்டாகப் பட்டையால் இணைத்த ரெட்ரோஃபிட் லிஃப்டர்தான் வழி. செலவு ஏறுவது இங்கேதான். அதோடு இன்னும் மூன்று சாமான். ஃபிளாட் கேமின் சரிந்த லோப் கேமைப் பின்னோக்கித் தள்ளி வைத்திருக்கும். ரோலரில் அந்தச் சரிவு இல்லாததால் கேம் முன்னே நடக்கும், டைமிங் அலையும். அதைத் தடுக்க முன்னால் ஒரு பட்டன், 0.005 முதல் 0.010 அங்குலம் ஆட்டத்தோடு. தகட்டு டைமிங் கவர் இந்தத் தள்ளலுக்கு வளைந்துவிடும், உறுதியான கவர் போடுங்கள். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் பல்: எஃகு பில்லெட் கேமுக்குச் சாதாரண இரும்புப் பல் ஆகாது, வெண்கலமோ, கேம் செய்தவர் சொல்லும் பதப்படுத்திய பல்லோ வேண்டும். கடைசியாகப் புஷ்ராட். பழைய ஃபிளாட்டுக்கு 7.8 அங்குலம், ரோலர் லிஃப்டர் உயரமானது என்பதால் குறைந்த நீளம். நீளத்தை ஊகிக்க வேண்டாம், அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய புஷ்ராட் வைத்து அளந்து வாங்குங்கள். ஸ்பிரிங் மூடியபோது 140, திறந்தபோது 350 பவுண்டு அளவில். ரோலர் லிஃப்டர் கனமானது, ஃபிளாட்டின் ஸ்பிரிங் அதைக் கட்டாது.

கேம் அளவு: 0.050-இல் 224 முதல் 230 வரை, லோப் பிரிவு (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப் மையங்களுக்கு நடுவே உள்ள கோணம்) 112 டிகிரி, லிஃப்ட் 0.510 பக்கம். உங்கள் பவர் பிரேக்குக்கு ஐடிலில் 15 அங்குலம் (பாதரச அளவில்) வாக்குவம் ஓரளவு தேவை. இதைவிடப் பெரிதாகப் போனால் பிரேக் பெடல் கல்லாகும். வாக்குவம் டப்பா வைத்தால் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். 9.6 கம்ப்ரெஷனும் பெரிய கேமை அடிவேகத்தில் தூக்காது. நண்பர் ஒருவேளை சாலிட் ரோலர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மூடிய நிலையில் 200 பவுண்டுக்கு மேல், திறந்தால் 500-க்கு மேல் ஸ்பிரிங். சக்கரத்தின் ஊசி பேரிங்குக்கு ஐடிலில் ஆயில் பஞ்சம். ஸ்டிரிப்புக்கு மட்டும் போகும் வண்டிக்கு உரியது அது.

எதைப் போட்டாலும் ஹெட்டை இறுக்கும் முன் களிமண் வைத்துப் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி பாருங்கள்: இன்டேக்கில் குறைந்தது 0.080, எக்ஸாஸ்டில் 0.100 அங்குலம். நெருக்கடி வருவது பிஸ்டனின் மேல்புள்ளிக்கு 10 டிகிரி முன்னே எக்ஸாஸ்டுக்கு, 10 டிகிரி பின்னே இன்டேக்குக்கு. ஹைட்ராலிக் லிஃப்டரோடு இதை அளக்காதீர்கள். பிளஞ்சர் அமுங்கி, இல்லாத இடைவெளியைக் காட்டும். ஒரு ஜோடி சாலிட் லிஃப்டர் வைத்து அளக்க வேண்டும். முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள் ஒன்றோடொன்று ஒட்ட 0.060 அங்குலம் மிச்சம் இருக்கட்டும். ரிடெய்னருக்கும் (ஸ்பிரிங்கின் மேல் தொப்பிக்கும்) வால்வு கைடு சீலுக்கும் நடுவேயும் ஏறக்குறைய அவ்வளவே.

ஹைட்ராலிக் ரோலரை செட் பண்ணும்போது புஷ்ராடைச் சுழற்றிப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். பிளஞ்சர் அமுங்கிய பிறகும் அது சுழலும். மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்ற இடம்தான் பூஜ்யம். அங்கிருந்து அரைச் சுற்று இறுக்குங்கள். 3/8 ஸ்டட்டில் அரைச் சுற்றுக்கு நட்டு 0.021 அங்குலம் இறங்கும், ராக்கர் கணக்கால் லிஃப்டரில் அது சுமார் 0.035. உங்கள் அலுமினிய ஹெட்டில் 7/16 ஸ்டட் என்றால் மரை பெரிது, அதே அரைச் சுற்று சுமார் 0.042 ஆகும். முழுச் சுற்று என்று பழைய கையேட்டில் இருப்பது அமைதியாக ஓடும் குடும்ப வண்டிக்கு. உயர் வேகத்துக்கு அவ்வளவு வேண்டாம்.

குளிர்காலம் முழுக்க வண்டி நிற்கும் என்பதால் ஒன்று: திறந்த நிலையில் நின்ற வால்வுகளின் லிஃப்டரிலிருந்து ஆயில் வடிந்துவிடும். வசந்தத்தில் முதல் ஸ்டார்ட்டில் ஒன்றிரண்டு நிமிடம் தட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டு நட்டை இறுக்கினால், லிஃப்டர் நிரம்பியதும் வால்வு மூடாது. எஞ்சின் சூடாகிப் பத்து நிமிடம் ஓடியும் ஒரே இடத்தில் தட்டினால் மட்டும் கவரைத் திறங்கள்.